சத்தம் போடும் வால்வும் சத்தமில்லாமல் எரியும் வால்வும்

வாசகர் கேள்வி – பதில்: காடி (கார்) பராமரிப்பு

இந்த முறை வால்வு சத்தம் பற்றி வந்த கடிதங்களை மட்டும் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் காடியில் எஞ்சின் மேலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம். பட்டறையில் பானெட்டைத் திறந்து கேட்ட மாத்திரத்திலேயே “வால்வு சத்தம், ஹெட்டை இறக்க வேண்டும்” என்றார்கள். காதால் கேட்டே இப்படிச் சொல்லிவிட முடியுமா?
— செந்தூல் வாசகர்

பதில்: முடியாது. ஹெட்டை, அதாவது சிலிண்டர்களுக்கு மேல் வால்வுகள் உட்கார்ந்திருக்கும் பகுதியை, இறக்கும் பேச்சே இப்போதைக்கு வேண்டாம். வால்வு இடைவெளி (வால்வு நுனிக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் இடையே உள்ள சின்னச் சந்து) கூடிப்போய் வரும் சத்தமாக இருந்தாலும், பெரும்பாலான எஞ்சின்களில் வால்வு கவரைக் கழற்றினால் வேலை முடிந்துவிடும். அதற்கும் முன்னால், அது வால்வுதானா என்று பார்க்க வேண்டும்.

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க்ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடினால், ஒரு வால்வு 375 முறை தட்டும். அதாவது வினாடிக்கு ஆறு தட்டு. ஒரே ஒரு வால்வு தளர்ந்திருந்தால் அந்தத் தட்டலைத் தனியாகப் பிரித்தே கேட்கலாம். மெதுவாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அதே அளவில் வேகம் கூடும். எல்லா வால்வுகளும் கொஞ்சம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு பொதுச் சத்தம் வரும். இடைவெளியைத் திருகால் சரிசெய்யும் எஞ்சின்களில் லேசாக இப்படிக் கேட்பது குறையே இல்லை.

அடுத்து, இடத்தைக் கண்டுபிடியுங்கள். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 40 செ.மீ. நீளமுள்ள மரக்குச்சி அல்லது நீண்ட ஸ்குரூடிரைவர் போதும்: நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னுள்ள எலும்பில் ஒட்டிக் கேளுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை, சட்டை, தாலிக்கொடி, தலைமுடி எதுவும் போகக்கூடாது. வால்வு கவரின் நீளத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேராக, இன்டேக் (காற்று நுழையும்) பக்கம் ஒன்று, எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) பக்கம் ஒன்று என்று வைத்துக் கேட்டுக்கொண்டே போங்கள்.

வால்வு என்று தவறாக எண்ணப்படுபவை நிறைய. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாமே டிக் டிக் என்றுதான் வேலை செய்யும்; குச்சியை இன்ஜெக்டர் மேல் வைத்தால் சத்தம் கூர்மையாகும், கவரில் வைத்தால் மங்கும். பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு இன்னொன்று. அதன் தட்டல் எஞ்சின் வேகத்தோடு ஒட்டிப் போகாது. அதன் வயர் சாக்கெட்டைக் கழற்றியதும் சத்தம் நின்றால் விஷயம் முடிந்தது, எஞ்சினைத் தொட வேண்டாம்.

நல்ல மெக்கானிக்கையும் ஏமாற்றுவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (ஹெட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) கசிவு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அச்சு அசலாக வால்வு சத்தம்போலவே தட்டும். இரும்பு சூடேறி விரிந்ததும் இடைவெளி அடைத்துக்கொண்டு மறையும். கேஸ்கெட் ஓரத்தில் கரிப்புகை படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில், மேனிஃபோல்ட் சூடேறுவதற்கு முன், கசியும் இடத்துக்கு அருகே கையைக் கொண்டுபோனால் காற்று விட்டுவிட்டு அடிப்பது தெரியும்.

ஏறுமுகத்தில், காராக் நெடுஞ்சாலை மாதிரி மேடுகளில், மிதிக்கும்போது மட்டும் ‘கிணி கிணி’ என்றால் அது எரிபொருள் முன்கூட்டியே வெடிக்கும் நாக்கிங். வால்வைத் திருகி அதைச் சரிசெய்ய முடியாது. கீழேயிருந்து, ஆயில் பான் பக்கத்திலிருந்து, கனமான ‘டொக் டொக்’ வந்தால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். அது கனெக்டிங் ராட் பேரிங்காக இருக்கலாம். வீடு வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம் என்று நினைத்தால் கிராங்க்ஷாஃப்ட்டும் போய்விடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் அளவைப் பாருங்கள். கடைசியில் எழுதினாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

கேள்வி: என்னுடையது சத்ரியா ஜிடிஐ 1.8. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக். சில நாள் உடனே நிற்கும், சில நாள் ஜாலான் ஈப்போ தாண்டும்வரை தொடரும். இதில் டைட் செய்ய எதுவுமில்லை என்கிறார் மெக்கானிக். கறுப்பு எண்ணெய் (எஞ்சின் ஆயில்) மாற்றியும் பலனில்லை.
— கெப்போங் வாசகர்

பதில்: மெக்கானிக் சொன்னது சரி. உங்கள் 4ஜி93 இரட்டைக் கேம் எஞ்சினில் இருப்பவை ஹைட்ராலிக் அட்ஜஸ்டர்கள். உள்ளே ஒரு சின்ன பிளஞ்சர், அதன்கீழ் ஒரு ஸ்பிரிங், ஒரு சின்னக் குண்டு. எஞ்சின் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போய்க் குண்டுக்குப் பின்னால் அடைபடும். பிளஞ்சர் மேலெழும்பி இடைவெளியை முழுக்க நிரப்பும். இடைவெளி இல்லையென்றால் தட்டலும் இல்லை. உள்ளே ஆயிலுக்குப் பதில் காற்று புகுந்தாலோ, அழுக்கு குண்டை உட்காரவிடாமல் தடுத்தாலோ, பிளஞ்சர் தேய்ந்து ஆயில் கசிந்தாலோ சத்தம் வரும்.

சத்தம் எப்போது வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஸ்டார்ட் செய்து மூன்று, ஐந்து வினாடிகளில் நின்றால் கவலையில்லை. இரவு முழுக்க எஞ்சின் நின்ற நிலையில் சில வால்வுகள் திறந்தே இருக்கும். அவற்றின் ஸ்பிரிங் அட்ஜஸ்டரை அழுத்தி ஆயிலை வெளியேற்றியிருக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டால் ஆயில் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். மலிவான ஃபில்டர்களில் ஆயில் திரும்பி வடிவதைத் தடுக்கும் ரப்பர் வால்வு இறுகிப்போயிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இரவில் ஆயில் முழுக்கக் கீழே வடிந்துவிடும். ஆயிலை மாற்றினீர்கள், ஃபில்டரையும் நல்லதாக மாற்றினீர்களா?

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மட்டும் சத்தம் என்றால் ஆயில் அழுத்தம் குறைவு. பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் கேஜை மாட்டி, சூடான எஞ்சினில் அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஆயிரம் சுற்றுக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ என்பது பட்டறைகளில் புழங்கும் பொதுக் கணக்கு. துல்லியமான அளவு உங்கள் எஞ்சினின் சர்வீஸ் புத்தகத்தில் உண்டு. நெடுஞ்சாலையில் வேகமாக ஓடி இறங்கிய பிறகு சத்தம் வந்தால் ஆயில் நுரைத்திருக்கிறது. மேல் கோட்டுக்கும் மேல் ஊற்றியிருந்தால் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து காற்றைக் கலந்துவிடும். ஆயில் குறைந்துபோனாலும் பம்ப் காற்றை உறிஞ்சும். இரண்டுக்கும் ஒரே சத்தம்தான்.

சரியான அளவு ஆயில், நல்ல ஃபில்டர் போட்ட பிறகு காற்றை வெளியேற்றுங்கள். எஞ்சினைச் சூடாக்கி, ஐடிலிலிருந்து மெல்ல மெல்ல 3,000 சுற்றுக்கு ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு சுமார் 15 வினாடி எடுத்துக்கொள்ளலாம். பிறகு ஐடிலுக்கு இறக்கி 15 வினாடி விடுங்கள். இதைப் பத்து முதல் முப்பது முறை செய்யலாம். படாரென்று மிதித்து ஏற்றினால் பயனில்லை. காற்று மட்டும்தான் காரணம் என்றால் சத்தம் படிப்படியாகத் தேய்ந்து நின்றுவிடும்.

நிற்கவில்லையா? பழைய சேறு இருக்கலாம். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே கறுப்பாகத் தார்போல் படிந்திருக்கிறதா பாருங்கள். அப்படியிருந்தால் வீரியமான எஞ்சின் ஃப்ளஷ் ஊற்றவே வேண்டாம். கட்டிகட்டியாகப் பெயர்ந்து பம்பின் வலையை அடைத்தால் எஞ்சினே போகும். அதற்குப் பதில் நல்ல ஆயிலை ஊற்றி 1,500 முதல் 2,000 கி.மீ. ஓட்டி மாற்றுங்கள், அதையே இன்னொரு முறை செய்யுங்கள். நேரம் எடுக்கும், ஆனால் பாதுகாப்பானது.

கடைசி வழி அட்ஜஸ்டர்களை வெளியே எடுப்பது. 16 இருக்கின்றன. கேம்ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும், டைமிங் பெல்ட்டும் இறங்கும். ஆகவே பெல்ட் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் இரண்டையும் ஒரே கூலியில் முடித்துக்கொள்ளுங்கள். எடுத்தவற்றைச் சுத்தமான டீசலில் முக்கி, 0.5 மி.மீ. கம்பியால் மேல் துளை வழியாகக் குண்டை லேசாக அழுத்திக்கொண்டு பிளஞ்சரை ஐந்தாறு முறை மேலும் கீழும் அசைத்தால் காற்று போய்விடும். கம்பியை எடுத்துவிட்டு விரலால் பலமாக அழுத்திப் பாருங்கள். கல்லாக நின்றால் நல்லது. பஞ்சாக அமுங்கினால் தூக்கிப் போடுங்கள். பொருத்தும்வரை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும், எடுத்த இடத்திலேயே திரும்பப் போட வேண்டும். கழித்த எஞ்சினிலிருந்து பழைய அட்ஜஸ்டர் வாங்கிப் போடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அவை எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்த்தால் தெரியாது, கூலியோ இரண்டு முறை போகும்.

கேள்வி: 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கும் என்கிறார்களே?
— பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

பதில்: சில நேரம் அடங்கும். தேய்ந்த இடத்தைக் கெட்டியான ஆயில் மறைக்கும், அவ்வளவுதான். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலுக்கென்று செய்த எஞ்சினில் இதை ஊற்றினால் காலை ஸ்டார்ட்டில் ஆயில் மேலே ஏறவே தாமதமாகும். அந்த வினாடிகளில்தான் கேம் தேயும். புத்தகத்தில் அனுமதித்த தரங்களுக்குள் ஒரு படி கெட்டியானதைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு மேல் போகாதீர்கள்.

கேள்வி: 2010 ஹோண்டா சிட்டி 1.5, ஐ-வீடெக். 1,60,000 கி.மீ. ஓடிவிட்டது. வால்வு சத்தம் லேசாகக் கேட்கிறது. கருவிகள் உண்டு, சொந்தமாகச் செய்யும் பழக்கமும் உண்டு. முறையைச் சொல்லுங்கள்.
— செராஸ் வாசகர்

பதில்: திருகும் லாக்நட்டும் உள்ள எஞ்சின், வீட்டில் செய்யத் தகுந்த வேலை. குளிர்ந்த எஞ்சினில் இன்டேக் 0.15 முதல் 0.19 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.26 முதல் 0.30 மி.மீ. ‘குளிர்ந்த’ என்றால் ஹெட்டின் சூடு 38 டிகிரிக்குக் கீழே. கோலாலம்பூர் வெயிலில் நடுப்பகலுக்குள் வெளிக்காற்றே 33 டிகிரியைத் தொட்டுவிடும். ஆகவே இரவு முழுக்க நிறுத்திவைத்து விடிகாலையில் தொடங்குங்கள். இரண்டு மணி நேரம் ஆறவைத்தேன் என்பது போதாது.

இக்னிஷன் காயில் நான்கையும் கழற்றுங்கள். துளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே பிளக்குகளை எடுங்கள். இல்லாவிட்டால் மண் சிலிண்டருக்குள் விழும். பிளக் இல்லாவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது எளிது. வால்வு கவரை எடுத்ததும், முன் சக்கர வளைவு வழியாக கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். கேம் பல்சக்கரத்தில் ‘அப்’ குறி மேலேயும், இரு பக்கக் கோடுகள் ஹெட்டின் விளிம்புக்கு நேராகவும் வந்தால் முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்கிறது. அந்தச் சிலிண்டரின் நான்கு ராக்கர்களும் (வால்வை அழுத்தும் நெம்புகைகள்) கையால் அசைத்தால் லேசாக ஆட வேண்டும்.

முதலில் அளந்து எழுதுங்கள், திருகுவது பிறகு. 16 வால்வுக்கும் ஒரு கட்டம் போட்டு, கிடைத்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எது தளர்ந்திருக்கிறது, எது இறுகியிருக்கிறது என்று இந்தக் காகிதம்தான் காட்டும். எக்ஸாஸ்ட் வால்வுகள் 0.20-க்குக் கீழே இறங்கியிருந்தால், சத்தம் போட்ட வால்வைவிட அவைதான் அவசரம்.

இன்டேக்குக்கு 0.17, எக்ஸாஸ்ட்டுக்கு 0.28 மி.மீ. அளவுத் தகடு (ஃபீலர் கேஜ்). தகட்டைத் திருகுக்கும் வால்வு நுனிக்கும் இடையே நுழைத்து முன்னும் பின்னும் இழுக்கும்போது லேசான பிடிப்பு இருக்க வேண்டும். ‘லேசு’ ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இன்னொரு சோதனை: இன்டேக்கில் 0.15 தகடு தாராளமாகப் போக வேண்டும், 0.20 போகக்கூடாது. லாக்நட்டைத் தளர்த்தி, ஸ்குரூடிரைவரால் திருகைச் சரிசெய்து, திருகு நகராமல் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குங்கள். 14 நியூட்டன் மீட்டர். இறுக்கிய பிறகு மறுபடி அளப்பது கட்டாயம். நட்டு இறுகும்போது திருகும் சேர்ந்து நகரும், பலருக்கு வேலை கெடுவது இங்கேதான்.

பிறகு கிராங்க்கை அரைச்சுற்று, அதாவது 180 டிகிரி, சுற்றினால் மூன்றாவது சிலிண்டர், இன்னொரு அரைச்சுற்றுக்கு நான்காவது, கடைசியாக இரண்டாவது. 1-3-4-2 என்பதே வரிசை. முடிந்ததும் இரண்டு முழுச்சுற்று சுற்றிவிட்டு முதல் சிலிண்டரை மீண்டும் சரிபாருங்கள்.

கவரின் ரப்பர் கேஸ்கெட்டும் பிளக் துளைகளின் சீல்களும் இத்தனை கி.மீ.க்குப் பிறகு கல்லாகியிருக்கும், புதிது போடுங்கள். செயின் கவர் ஹெட்டோடு சேரும் இரண்டு மூலைகளிலும் சிறு பொட்டு சிலிகான் வேண்டும். மறந்தால் அங்கிருந்துதான் ஆயில் கசியும்.

சத்தத்தை முழுக்க ஒழிக்க நினைத்து 0.10-க்கு இறுக்கிவிடாதீர்கள். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் சீட் (வால்வு உட்காரும் வளையம்) வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. இடைவெளி இல்லாமல் இறுக்கினால், சூடேறி நீளும் வால்வு முழுதாக மூடாது. எரியும் சூடான வாயு அந்த இடுக்கில் பீறிட்டு விளிம்பை அரித்துவிடும். தளர்ந்த வால்வு தட்டித் தட்டி எச்சரிக்கிறது. இறுகிய வால்வு எரிந்துமுடியும் வரை வாயே திறக்காது.

கேள்வி: 2009 வியோஸ். வால்வு சரிசெய்யக் கூலி மிக அதிகமாகக் கேட்கிறார்கள். ஹோண்டாவுக்குக் குறைவு, இதற்கு ஏன் இவ்வளவு?
— பாயான் லெப்பாஸ் வாசகர், பினாங்கு

பதில்: உங்கள் 1என்செட்-எஃப்இ எஞ்சினில் திருகு கிடையாது. கேம் நேராக ஒரு கிண்ணத்தை அழுத்துகிறது. இடைவெளியை மாற்ற வேறு தடிமன் கொண்ட கிண்ணத்தைப் போட வேண்டும். அதற்கு டைமிங் செயினை விடுவித்து இரண்டு கேம்ஷாஃப்ட்டையும் எடுக்க வேண்டியிருக்கும். செயினை ஒரு பல் தவறிப் போட்டாலும் எஞ்சின் சரியாக ஓடாது. கூலி அதற்குத்தான்.

அளப்பதற்கு மட்டும் கவரைக் கழற்றினால் போதும். அந்தக் கூலி குறைவு. குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.15 – 0.25, எக்ஸாஸ்ட் 0.25 – 0.35 மி.மீ.க்குள் எல்லாம் இருந்தால் மேலே போக வேண்டாம், சத்தம் வேறு எங்கிருந்தோ வருகிறது. இந்த எஞ்சினில் இடைவெளி அவ்வளவு சீக்கிரம் மாறாது.

மாறியிருந்தால் கணக்கு இப்படி: இன்டேக்குக்கு 0.20, எக்ஸாஸ்ட்டுக்கு 0.30 இலக்கு. ஓர் இன்டேக் வால்வில் 0.31 கிடைத்தது, அதன் கிண்ணம் மைக்ரோமீட்டரில் 5.32 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 5.32-உடன் 0.11-ஐக் கூட்டினால் 5.43. கிண்ணங்கள் 5.06-லிருந்து 5.74 வரை, 0.02 இடைவெளியில் 35 அளவுகளில் வருகின்றன, 5.42-ஐ எடுங்கள். எக்ஸாஸ்ட்டில் 0.18 கிடைத்து கிண்ணம் 5.40 என்றால் 0.12-ஐக் கழிக்க வேண்டும், 5.28. எடுத்த 16 கிண்ணங்களையும் அளந்துவைத்தால் சிலவற்றை ஒன்றுக்கொன்று இடம்மாற்றியே சமாளிக்கலாம், புதிதாக நாலைந்துதான் வாங்க வேண்டிவரும். பட்டறையில் இந்தக் கணக்குக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் வேறு பட்டறை பாருங்கள்.

கேள்வி: டாக்சியாக ஓடிய புரோட்டோன். என்ஜிவி (இயற்கை எரிவாயு) விற்பனை 2025 ஜூலையில் நின்றதும் பெட்ரோலுக்கே மாறிவிட்டேன். எஞ்சினில் துளி சத்தம் இல்லை, ஆனால் ஐடிலில் நடுக்கம், காலையில் ஸ்டார்ட் ஆக அடம். பிளக், காயில் மாற்றியாயிற்று.
— ஸ்தாப்பாக் வாசகர்

பதில்: துளி சத்தம் இல்லை என்பதுதான் எங்களுக்குக் கவலை தருகிறது. எரிவாயு வறண்டது, பெட்ரோல் துளிகள் தரும் குளிர்ச்சியும் மெல்லிய பூச்சும் வால்வு சீட்டுக்கு அதில் கிடைக்காது. பல ஆண்டு ஓட்டத்தில் எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்து வால்வு மேலே மேலே ஏறி உட்கார்ந்திருக்கும், இடைவெளி சுருங்கியிருக்கும். உங்கள் எஞ்சினில் ஹைட்ராலிக் அட்ஜஸ்டர் இல்லையென்றால் முதல் சந்தேகம் இதுவே.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள்: சூடான எஞ்சின், எல்லா பிளக்கும் வெளியே, எரிபொருளும் இக்னிஷனும் துண்டிப்பு, ஆக்ஸிலரேட்டர் முழு மிதி, பேட்டரி முழு சார்ஜ். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட 15 பிஎஸ்ஐக்கு மேல் குறைந்தால், அதில் ஒரு தேக்கரண்டி ஆயிலை ஊற்றி மறுபடி அளங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பிறகு அந்தப் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து பிளக் துளையில் காற்றேற்றச் சொல்லுங்கள். சைலன்சர் குழாயில் ‘உஸ்’ என்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. த்ராட்டில் பக்கம் கேட்டால் இன்டேக். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

வால்வு இறுகியிருக்கிறது, ஆனால் இன்னும் எரியவில்லை என்றால் இடைவெளியைச் சரியாக வைத்ததுமே நடுக்கம் நிற்கும். எரிந்திருந்தால் ஹெட் இறங்கத்தான் வேண்டும், இங்கே அதைத் தவிர்க்க வழியில்லை. எரிந்த வால்வை மட்டும் மாற்றி, தேய்ந்த சீட்டை அப்படியே விட்டால் சில மாதத்தில் திரும்ப வருவீர்கள். சீட்டைப் புதிதாக வெட்ட வேண்டும். மிகவும் இறங்கியிருந்தால் புதிய சீட் பொருத்த வேண்டும். வால்வின் தண்டு ஏறி இறங்கும் கைடில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், ஆட்டமிருந்தால் எவ்வளவு நன்றாக வெட்டிய சீட்டும் நிலைக்காது.

மெஷின் ஷாப்பிலிருந்து ஹெட் திரும்பி வந்ததும், காடியில் ஏற்றுவதற்கு முன், வால்வுகள் மூடிய நிலையில் எக்ஸாஸ்ட் துளைகளில் பெட்ரோலை ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். எரியும் பொருள், சிகரெட்டும் தீப்பொறியும் பக்கத்தில் கூடாது. வால்வு விளிம்பில் ஈரம் கசிந்தால் அந்த வால்வை மறுபடி பேஸ்ட் போட்டுத் தேய்க்க வேண்டும். ஏற்றி ஓடிய 1,000 கி.மீ.யில் இடைவெளியை இன்னொரு முறை அளங்கள். புதிதாக வெட்டிய சீட் கொஞ்சம் படியும், எக்ஸாஸ்ட் பக்கம் சில நூறில் ஒரு பங்கு மி.மீ. குறைந்திருந்தால் அப்போதே சரிசெய்துவிடலாம்.